இருப்பாய்வு டேலி ஆயிடுச்சு... கல்லாவில் காசைக் காணோம்!

பிளஸ் ஒன்னில் காமர்ஸ் குரூப் எடுத்த எந்தப் பிள்ளையை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். இருப்பாய்வில் பற்றுப் பக்கமும் வரவுப் பக்கமும் சமமாகிவிட்டால் கணக்கு சரி என்று அர்த்தமா? இல்லை. கூட்டல் சரி என்று மட்டும்தான் அர்த்தம். சம்பளக் கணக்கில் எழுத வேண்டியதை இயந்திரக் கணக்கில் எழுதியிருந்தாலும் டேலி ஆகும் (விதிப் பிழை). ஒரு பில்லை இரண்டு பக்கமும் எழுதவே மறந்திருந்தாலும் டேலி ஆகும் (விடு பிழை). இரண்டு தப்புகள் ஒன்றையொன்று ஈடுகட்டிக்கொண்டாலும் டேலி ஆகும். இரண்டு மார்க் கேள்வி. மனப்பாடம் செய்தே எழுதிவிடலாம்.

இந்த இரண்டு மார்க் பாடம், கோடிக்கணக்கில் கொட்டி மொபைல் ஆப் தயாரிக்கும் நிறுவனங்களுக்கு மட்டும் ஏன் தலையில் ஏறவே மாட்டேன் என்கிறது? ‘தானியங்கிக் கருவியை வைத்து எங்கள் ஆப்பைச் சோதித்துவிட்டோம், ஒரு பிழைகூட இல்லை, ஆகவே பார்வையற்றவர்களும் தாராளமாகப் பயன்படுத்தலாம்’ என்று ஓர் அறிக்கையை நீட்டினால் வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள். போதாக்குறைக்கு இப்போது அந்தக் கருவியை ஓட்டுவதும் ஏ.ஐ. ஏஜென்ட், அது காட்டும் பிழையைத் திருத்துவதும் ஏ.ஐ. ஏஜென்ட், திருத்தியது சரியா என்று மறுபடி ஓட்டிப் பார்ப்பதும் அதே ஏ.ஐ. ஏஜென்ட். காசாளரே பேரேடும் எழுதி, அவரே தணிக்கைக் கையெழுத்தும் போடுகிற கடை எத்தனை நாள் ஓடும்?

சரி, தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் அடிப்படை. (தெரிந்தவர்கள் இரண்டு பத்தி தாண்டிப் போய்விடலாம், கோபமில்லை.)

பார்வையற்ற ஒருவர் ஸ்மார்ட்போனை எப்படிப் பயன்படுத்துகிறார்? திரையில் விரலை வைத்து வலப்பக்கம் தள்ளினால் அடுத்த பொருளுக்குப் போகும். அது என்ன என்று போன் வாய்விட்டுச் சொல்லும். இரண்டு முறை தட்டினால் அது இயங்கும். இந்த வேலையைச் செய்யும் மென்பொருளுக்குத் திரைவாசிப்பான் என்று பெயர். ஐபோனில் வாய்ஸ்ஓவர், ஆண்ட்ராய்டில் டாக்பேக். இரண்டும் போனுக்கு வந்தது ஒரே வருடம், 2009. ஆண்ட்ராய்டு பக்கம் இதற்கு அடிபோட்டது கூகுளின் ‘ஐஸ்-ஃப்ரீ’ திட்டம். அதை முன்னின்று நடத்தியவர்களில் ஒருவரான டி.வி.ராமன், சிறு வயதிலேயே பார்வை இழந்த கணினி விஞ்ஞானி. தனக்கு வேண்டியதைத் தானே கட்டிக்கொண்டவர். இந்தத் தகவலைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேலை இருக்கிறது.

திரைவாசிப்பான் அடிப்படையில் படத்தைப் பார்த்துப் பேசுவதில்லை. திரைக்குப் பின்னால் ஒவ்வொரு ஆப்பும் ஒரு பட்டியலைத் தயாரித்துக் கொடுக்கிறது. ‘இங்கே ஒரு பட்டன் இருக்கிறது, அதன் பெயர் இன்னது, இதைத் தட்டலாம், திரையில் இன்ன இடத்தில் இருக்கிறது’ என்று கிளை கிளையாக விரியும் பட்டியல். அணுகல்தன்மை மரம் என்று சொல்வார்கள். அந்தப் பட்டியலில் இருப்பதைத்தான் டாக்பேக் வாசிக்கும். காகித ராக்கெட் படம் போட்ட பட்டனுக்குப் பெயர் எழுதாமல் விட்டால், பார்க்கிறவருக்கு அது ‘அனுப்பு’. கேட்கிறவருக்கு ‘பெயரிடப்படாத பட்டன்’. ஒரு திரையில் இப்படி ஏழு பெயரிடப்படாத பட்டன்கள் வரிசையாக வந்தால் எதைத் தட்டுவார்? தட்டிப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம்தான். பணம் அனுப்பும் ஆப்பில் அந்த விளையாட்டை நீங்கள் விளையாடுவீர்களா?

இந்தப் பட்டியலைச் சோதிக்கத்தான் தானியங்கிக் கருவிகள். ஆண்ட்ராய்டுக்கு கூகுள் 2016இல் ‘ஆக்சசிபிலிட்டி ஸ்கேனர்’ என்று ஓர் ஆப்பை வெளியிட்டது. ஆப்பிளிடம் ‘ஆக்சசிபிலிட்டி இன்ஸ்பெக்டர்’ இருக்கிறது. 2023இல் வந்த எக்ஸ்கோட் 15இலிருந்து, ஆப்பைத் தானாகச் சோதிக்கும் நிரலுக்குள்ளேயே ஒரு வரி எழுதி இந்தத் தணிக்கையையும் சேர்த்து ஓடவிடலாம். இவை எதைப் பார்க்கின்றன? பட்டனுக்குப் பெயர் இருக்கிறதா, விரல் வைக்கும் இடம் போதுமா (ஆண்ட்ராய்டு சொல்லும் அளவு 48 டிபி, ஏறத்தாழ 9 மில்லிமீட்டர்), எழுத்துக்கும் பின்னணிக்கும் நிற வேறுபாடு 4.5க்கு 1 என்ற விகிதத்துக்குக் குறையாமல் இருக்கிறதா, இரண்டு பட்டன்களுக்கு ஒரே பெயரா... இப்படி.

நல்ல வேலைதான், யார் இல்லை என்றது? ராத்திரி ராத்திரி ஆப்பின் புதிய பதிப்பை ஓடவிட்டு, ‘நேற்று இருந்த பெயரை இன்று யாரோ அழித்துவிட்டார்கள்’ என்று காலையில் சொல்லும் கருவி தங்கமான கருவி. கூட்டலைச் சரிபார்க்கும் கால்குலேட்டர் மேல் யாருக்கும் கோபம் கிடையாது. கால்குலேட்டரையே ஆடிட்டர் நாற்காலியில் உட்கார வைத்து மாலை போடும்போதுதான் வயிறு எரிகிறது.

கருவிக்குத் தெரியாதது எவ்வளவு என்று பார்ப்போம். ‘பணம் அனுப்பு’ பட்டனுக்குப் பழைய நிரலிலிருந்து காப்பி-பேஸ்ட் செய்து ‘உதவி’ என்று பெயர் வைத்துவிட்டார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். கருவி கேட்கும் கேள்வி, பெயர் இருக்கிறதா? இருக்கிறது. பாஸ்! பச்சை டிக்! கணக்கேட்டில் ஒரு தொகை எழுதியிருக்கிறது, எந்தத் தலைப்பில் எழுதினார்கள் என்று யாரும் பார்க்கவில்லை. அச்சு அசல் விதிப் பிழை.

அடுத்து விடு பிழை. கணக்கு எண்ணைத் தப்பாக அடித்தால் கீழே சிவப்பில் ஒரு வரி வருகிறது. கண் பார்க்கும். திரைவாசிப்பானுக்கு யாரும் சொல்லவில்லை என்றால் அது வாயைத் திறக்காது. அவர் ‘தொடர்க’ பட்டனைத் தட்டுகிறார், ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி தட்டுகிறார். ஏன் என்று தெரியாமலே தட்டிக்கொண்டிருக்கிறார். கருவி பார்ப்பது அசையாமல் நிற்கும் ஒரு திரையை. எந்த நேரத்தில் எது பேச வேண்டும், எது பேசாமல் போனது என்பதெல்லாம் அந்த ஒற்றைப் படத்தில் விழவே விழாது. விரலைத் தள்ளிக்கொண்டே போகும்போது தொகைக்கு அப்புறம் பெயர் வராமல் அடிப்பக்க விளம்பரத்துக்குத் தாவுகிறதே, அதுவும் விழாது. ஓ.டி.பி. அடிக்க 30 விநாடிதான் என்றால், செய்தியைத் திறந்து, ஆறு எண்களைக் கேட்டு, மனதில் வைத்து, திரும்பி வந்து, ஒவ்வோர் எண்ணாகத் தேடி அடிப்பதற்குள் அந்த 30 விநாடி என்ன ஆகும் என்பதும் விழாது.

தமிழிலேயே ஓர் உதாரணம் சொல்லலாம். ஆப்பில் மொழியைத் தமிழுக்கு மாற்றுகிறீர்கள். திரையில் தெரிகிற எழுத்தெல்லாம் தமிழாகிவிட்டது. ஐகான்களுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் பெயரை மொழிபெயர்க்கணும் என்று யாருக்கும் தோன்றவில்லை என்றால்? பார்க்கிறவருக்குத் தமிழ் ஆப், கேட்கிறவருக்குப் பாதி இங்கிலீஷ் ஆப். பெயர்தான் இருக்கிறதே, ஸ்கேனருக்கு என்ன வந்தது?

எல்லாவற்றையும்விட பெரிய வேடிக்கை, பணம் புழங்கும் திரையில்தான். ரகசிய எண் அடிக்கும் திரையை ஸ்கிரீன்ஷாட் எடுக்க முடியாதபடி வங்கி ஆப்கள் பூட்டி வைப்பது வழக்கம். பாதுகாப்புக்காக, நியாயம்தான். ஆனால் நிற வேறுபாட்டை அளக்கும் கருவிக்கு ஸ்கிரீன்ஷாட் வேண்டும். பூட்டிய திரையில் அதற்குக் கிடைப்பது கறுப்பு. ஆக, எந்த இடத்தில் ஒருவர் தடுக்கி விழுந்தால் பணம் போகுமோ அந்த இடத்தில் கருவியின் அளவுகோல் பாதி வேலை செய்யாது. பெட்டகத்தைத் திறந்தே பார்க்காமல் வாசல் திண்ணையை மட்டும் எண்ணிவிட்டு ‘இருப்பு சரி’ என்று எழுதிய தணிக்கையாளரை ஐ.சி.ஏ.ஐ. சும்மா விடுமா?

இதெல்லாம் யாரோ குறை சொல்வதற்காகக் கண்டுபிடித்த கதை இல்லை. 2017இல் பிரிட்டன் அரசின் டிஜிட்டல் சேவைப் பிரிவு வேண்டுமென்றே 140க்கு மேற்பட்ட தடைகளை வைத்து ஒரு வலைப்பக்கம் கட்டியது. அதன்மேல் தானியங்கிக் கருவிகளை ஒவ்வொன்றாக ஏவியது. மிகச் சிறப்பாகச் செய்த கருவி கண்டுபிடித்தது ஏறத்தாழ 40 சதவீதம். கால்பங்குக்கு மேற்பட்ட தடைகள் எந்தக் கருவியின் கண்ணிலும் படவில்லை. 2019இல் ஆஸ்திரியாவைச் சேர்ந்த வலை நிரலாளர் மானுவல் மட்டுசோவிச் இதைத் தலைகீழாகச் செய்து காட்டினார். மவுஸ் வைத்தோ, விசைப்பலகை வைத்தோ, திரைவாசிப்பான் வைத்தோ ஒருவரும் பயன்படுத்த முடியாத ஒரு பக்கத்தைக் கட்டினார். கூகுளின் ‘லைட்ஹவுஸ்’ கருவி அந்தப் பக்கத்தின் அணுகல்தன்மைக்குக் கொடுத்த மதிப்பெண்? 100க்கு 100. :)

இரண்டும் வலைப்பக்கம், மொபைல் ஆப் வேறு என்று சொல்வீர்கள். ஆப் பக்கம் நிலைமை இன்னும் கேவலம். ஆப்பிள் ஆராய்ச்சியாளர்கள் 2021இல் வெளியிட்ட ஆய்வுக்கு 4,068 ஐபோன் ஆப்களிலிருந்து 77,637 திரைகளை எடுத்தார்கள். மனிதர்களை வைத்துத் திரையில் கண்ணுக்குத் தெரிவதையெல்லாம் குறித்தார்கள். பின்னணிப் பட்டியலோடு ஒப்பிட்டால், 59 சதவீதத் திரைகளில் கண்ணுக்குத் தெரியும் ஏதாவது ஒரு பொருள் பட்டியலில் இல்லவே இல்லை. ஆப் கணக்கில் பார்த்தால் 94 சதவீத ஆப்களில் அப்படி ஒரு திரையாவது இருந்தது. பட்டியலிலேயே இல்லாத பொருளுக்குப் பெயர் இருக்கிறதா என்று கருவி எப்படிக் கேட்கும்? ஏட்டில் ஏறாத பில்லை இருப்பாய்வு எப்படிக் காட்டும்?

இப்போது ஏஜென்ட் கதைக்கு வருவோம்.

ஏ.ஐ. ஏஜென்ட் உங்களுக்குப் பதிலாக ஆப்பைத் திறந்து டிக்கெட் போடும், சாப்பாடு ஆர்டர் செய்யும் என்கிறார்கள். அதற்குத் திரையில் என்ன இருக்கிறது என்று தெரிய வேண்டுமே? சுலபமான வழியாக அது கையில் எடுத்தது எதை? பார்வையற்றவர்களுக்காகக் கட்டிய அதே மரத்தை! ஆண்ட்ராய்டில் ஒரு கட்டளை அடித்தால் திரை முழுக்க எக்ஸ்.எம்.எல். கோப்பாக வந்து விழும், அதை மொழி மாதிரிக்கு ஊட்டினால் போதும். கூகுள் டீப்மைண்ட் 2024இல் வெளியிட்ட ‘ஆண்ட்ராய்டுவேர்ல்ட்’ என்ற ஏஜென்ட் பரீட்சையில் (20 ஆப், 116 வேலை) இந்த மரம்தான் முக்கிய உணவு. 2025 அக்டோபரில் ஓபன்ஏஐ தன் ‘அட்லஸ்’ உலாவியை விட்டபோது, எங்கள் ஏஜென்ட்டுக்கு உங்கள் தளம் நன்றாகப் புரிய வேண்டுமானால் திரைவாசிப்பானுக்கு உதவும் அதே குறிச்சொற்களைச் சேருங்கள் என்று தள உரிமையாளர்களுக்கு யோசனை சொன்னது.

உடனே பாருங்கள், சுறுசுறுப்பு! 2009இலிருந்து பார்வையற்றவர்கள் மெயில் போட்டார்கள், ஆப் ஸ்டோரில் ஒற்றை நட்சத்திரம் போட்டுக் கெஞ்சினார்கள், வழக்குப் போட்டார்கள். ‘உங்கள் கருத்து சம்பந்தப்பட்ட குழுவுக்கு அனுப்பப்பட்டுள்ளது’ என்று பதில் வந்தது. 2011 மக்கள்தொகைக் கணக்குப்படி இந்தியாவில் பார்வைக் குறைபாடு உள்ளவர்கள் 50 லட்சம் பேர். அத்தனை பேர் கேட்டும் கிடைக்காத பெயர்ச்சீட்டு, ஒரு ரோபோ வாங்க வருகிறது என்றதும் கிடைக்கிறது. வாடிக்கையாளர் என்று எண்ணாத மனிதன், வாடிக்கையாளராக எண்ணப்பட்ட இயந்திரம். இதில் சந்தோஷப்படச் சொல்கிறார்கள் சிலர். ‘எப்படியோ லேபிள் வந்தால் சரிதானே, யாருக்காக எழுதினால் என்ன?’

சரியில்லை. யாருக்காக எழுதுகிறார்கள் என்பதைப் பொறுத்துத்தான் என்ன எழுதுவார்கள் என்பது இருக்கிறது. இதற்கு ஒரு பழைய கதை உண்டு. வலைப்பக்கங்களில் படத்துக்கு மாற்று உரை எழுதும் வசதி பார்வையற்றவர்களுக்கு உதவுவது. தேடுபொறிகள் அதை வாசிக்கின்றன என்று தெரிந்ததும் என்ன நடந்தது? ஒரு செருப்பு படத்துக்குப் பின்னால் ‘மலிவான செருப்பு வாங்க ஆண்கள் செருப்பு பெண்கள் செருப்பு தள்ளுபடி’ என்று ஒரு பஸ் நிறைய வார்த்தைகளை ஏற்றினார்கள். திரைவாசிப்பான் அத்தனையையும் வாசித்துத் தொலைத்தது. கூகுளே அப்படித் திணிக்காதீர்கள் என்று சொல்ல வேண்டி வந்தது. ஏஜென்ட்டுக்காக எழுதும் பெயரும் அதே பாதையில் போகாது என்று யார் எழுதிக் கொடுப்பார்கள்?

அடுத்து, ஆப்பை எழுதுகிற ஏஜென்ட். ‘ஸ்கேனரை ஓட்டு, வருகிற பிழையெல்லாம் பூஜ்யமாகும்வரை திருத்து’ என்று அதற்கு உத்தரவு. பூஜ்யமாக்க மிக மலிவான வழி எது தெரியுமா? பட்டனுக்குப் பெயர் எழுதுவது அல்ல. பட்டனை மரத்திலிருந்தே மறைத்துவிடுவது. ஆண்ட்ராய்டில் ‘இது அணுகல்தன்மைக்கு முக்கியமில்லை’ என்று ஒரே ஒரு வரி எழுதினால் போதும். ஐபோனிலும் அதேபோல் மறைக்க ஒரு வரி உண்டு. அலங்காரப் படங்களை வாசிக்காமல் தாண்டுவதற்காக நல்லெண்ணத்தோடு வைத்த வசதி. அதை ஒரு நிஜப் பட்டன்மேல் போட்டால் பிழை மாயம். பட்டனும் மாயம்! பெயரிடப்படாத பட்டனாகவாவது இதுவரை இருந்தது, தட்டிப் பார்த்திருப்பார். இனி அதுவும் இல்லை. அறிக்கையில் பச்சை டிக், மதிப்பெண் ஏறியிருக்கிறது, மேனேஜருக்குத் திருப்தி. கடனை இருப்புநிலைக் குறிப்புக்கு வெளியே தள்ளிவிட்டு லாபம் காட்டிய என்ரான் 2001இல் என்ன ஆனது என்று வணிகவியல் பாடத்தில் படிக்காதவர் உண்டா?

ஏஜென்ட் எல்லாமே இப்படி ஏமாற்றும் என்பதல்ல வாதம். மனித நிரலாளரும் வெள்ளிக்கிழமை சாயங்காலம் இதைச் செய்வார். இலக்கு ‘பிழை பூஜ்யம்’ என்று இருக்கும்வரை எந்தக் கையும் அந்தக் குறுக்குவழியைத்தான் தேடும். மனிதர் ஒருநாளைக்கு நாலு பட்டனை மறைத்தால், ஏஜென்ட் நாலாயிரம் மறைக்கும், அவ்வளவுதான் வித்தியாசம்.

‘சரிப்பா, ஸ்கேனர் வேண்டாம். ஏஜென்ட்டையே ஆப்பை முழுசாக ஓட்டிப் பார்க்கச் சொல்வோம். மரத்தை வாசித்து அது பணம் அனுப்பி முடித்துவிட்டால் பார்வையற்றவரும் அனுப்பலாம் என்றுதானே அர்த்தம்?’ கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. பதில், இல்லை. மரத்தில் ஒன்றும் இல்லையென்றால் ஏஜென்ட் ஸ்கிரீன்ஷாட்டைப் பார்த்துக்கொள்ளும். அதற்குக் கண் இருக்கிறது. பட்டனுக்குப் பெயர் இல்லாவிட்டாலும், நிரலாளர் உள்ளுக்குள் வைத்த அடையாளக் குறி அந்த எக்ஸ்.எம்.எல்.லில் கிடக்கும். அதை வைத்து ‘ஓ, இதுதான் பே பட்டன்’ என்று ஊகித்துவிடும். டாக்பேக் வழக்கமாக அந்தக் குறியை வாசிப்பதில்லை. ஏஜென்ட்டுக்கு இருநூறு கிளையும் ஒரே மூச்சில் கையில் வந்துவிடும். மனிதர் ஒவ்வொன்றாகத் தள்ளித் தள்ளிக் கேட்க வேண்டும், அதுவும் பஸ் இரைச்சலில். ஏஜென்ட் தப்பாகத் தட்டினால் திரும்ப முயலும். மனிதர் தப்பாகத் தட்டினால் மாசச் சம்பளம் யாரோ ஒருவர் கணக்குக்குப் போகும். இந்த இருவரும் ஒரே பரீட்சை எழுதுகிறார்கள் என்று சொல்வது, புத்தகத்தைத் திறந்து வைத்து எழுதியவனின் மார்க்கை எடுத்து மொத்த வகுப்புக்கும் போட்டுவிடுவது போல.

இன்னொரு கூத்தும் இதற்குள் இருக்கிறது. இந்த மரத்தை வாசிக்கும் கதவு பார்வையற்றவருக்கும் ஏஜென்ட்டுக்கும் மட்டும் திறந்திருக்கவில்லை. திருடனுக்கும் திறந்திருக்கிறது. அனுபிஸ், செர்பெரஸ் போன்ற வங்கித் திருட்டு மென்பொருட்கள் ஆண்ட்ராய்டின் அணுகல்தன்மைச் சேவையில் புகுந்துதான் திரையை வாசித்தன, பட்டன்களைத் தட்டின. அதற்காக ஆண்ட்ராய்டு கதவை இறுக்கிக்கொண்டே வருகிறது. 2022இல் வந்த ஆண்ட்ராய்டு 13, கடைக்கு வெளியிலிருந்து நிறுவிய ஆப்களுக்கு அந்தச் சேவையை எளிதில் கொடுக்காதபடி தடுத்தது. 2023இன் ஆண்ட்ராய்டு 14, ‘மாற்றுத்திறனாளிகளுக்கான நிஜக் கருவிக்கு மட்டும் இந்தப் பகுதியைக் காட்டு’ என்று ஆப்பே சொல்லும் வசதி கொடுத்தது. அது அறிவுள்ள பூட்டு. ஆனால் எந்த அணுகல்தன்மைச் சேவை ஓடினாலும் ‘பாதுகாப்புக் காரணம்’ என்று மொத்தமாகக் கதவைச் சாத்தும் ஆப்களும் உண்டு. திருடனுக்குப் பூட்டினார்கள், வெளியே நிற்பது யார்? ஏஜென்ட்டுகள் பெருகப் பெருக இந்தப் பூட்டு இன்னும் இறுகத்தான் போகிறது. ஏஜென்ட்டுக்கு வேறு வழி போட்டுக் கொடுக்க ஆள் இருக்கிறது. டாக்பேக் பயன்படுத்துபவருக்கு இது ஒன்றுதான் வழி.

‘ஏ.ஐ. வைத்து எல்லாம் தானாகச் சரியாகிவிடும்’ என்று விற்றவர்களுக்கு ஒருமுறை சூடு விழுந்தும் இருக்கிறது. இணையதளத்தில் ஒரு வரி நிரலை ஒட்டினால் போதும், ஏ.ஐ. அதை அணுகல்தன்மைத் தரத்துக்குக் கொண்டுவந்துவிடும் என்று விளம்பரம் செய்த ‘ஆக்சசிபீ’ நிறுவனம் 10 லட்சம் டாலர் கட்ட வேண்டும் என்று அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணையம் 2025 ஜனவரியில் அறிவித்தது. சொன்னபடி அந்தக் கருவி செய்யவில்லை என்பதுதான் குற்றச்சாட்டு.

அமெரிக்கா கிடக்கட்டும், நம்மூருக்கு வருவோம். ஆசிட் வீச்சில் முகமும் கண்களும் பாதிக்கப்பட்ட ஒரு பெண் 2023இல் ஒரு வங்கியில் கணக்குத் திறக்கப் போனார். டிஜிட்டல் கே.ஒய்.சி.க்குக் கேமரா முன்னால் கண் சிமிட்டச் சொன்னார்கள். அவரால் எப்படி முடியும்? அதுதான் பிரக்யா பிரசூன் வழக்கு. பார்வையற்ற ஒருவர் போட்ட வழக்கையும் சேர்த்து விசாரித்த உச்ச நீதிமன்றம், 2025 ஏப்ரல் 30இல் டிஜிட்டல் அணுகல் என்பது அரசியல் சட்டத்தின் 21ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையில் அடங்கும் என்று தீர்ப்பளித்தது. நீதிபதிகள் பர்திவாலாவும் மகாதேவனும். (மகாதேவன் நம்ம சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து போனவர்.) கூடவே 20 உத்தரவுகள். அதில் ஒன்றைக் கட்டம் கட்டிச் சுவரில் ஒட்ட வேண்டும். கட்டுப்பாட்டுக்குட்பட்ட நிறுவனங்கள் தகுதிபெற்ற அணுகல்தன்மை நிபுணர்களை வைத்துக் குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை தணிக்கை செய்ய வேண்டும். ஆப் வடிவமைக்கும்போதும் புதிய வசதி கொண்டுவரும்போதும் பயனர் சோதனையில் பார்வையற்றவர்களைச் சேர்க்க வேண்டும்.

கவனியுங்கள். கருவியைச் சேர்க்க வேண்டும் என்று சொல்லவில்லை. ஆளைச் சேர்க்க வேண்டும். செபியும் 2025 ஜூலை 31இல் தன் கீழ் உள்ள நிறுவனங்களுக்கு அணுகல்தன்மைத் தணிக்கை செய்யச் சொல்லிச் சுற்றறிக்கை விட்டது. அதற்கு முன்பே, 2024 நவம்பரில் ராஜீவ் ரதூரி வழக்கில், வெறும் சிபாரிசாக இருக்கும் விதி போதாது, கட்டாய விதி வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொல்லியாயிற்று. சட்டத்தில் ஓட்டை என்று சாக்குச் சொல்லும் காலம் போய்விட்டது. இப்போது தேடுவது, உத்தரவை மலிவாக நிறைவேற்றியதாகக் காட்டும் வழியை. அந்த மலிவு வழிதான் ஏஜென்ட் ஓட்டிய ஸ்கேனரின் பச்சை டிக்.

‘செலவாகுமே, சின்ன நிறுவனம் என்ன செய்யும்?’ என்று ஒரு குரல் எப்போதும் வரும். இருப்பாய்வு இலவசம், தணிக்கைக்குக் காசு ஆகும் என்பதற்காகக் கம்பெனிச் சட்டம் தணிக்கையை விட்டுக்கொடுத்ததா? எவ்வளவு சின்ன கம்பெனியாக இருந்தாலும் கணக்கைத் தணிக்கை செய்தே ஆக வேண்டும். நாலு பார்வையற்றவர்களைக் கூப்பிட்டு, அவர்கள் போனிலேயே, அவர்கள் பழகிய வேகத்திலேயே ஆப்பை ஓட்டச் சொல்லி, பக்கத்தில் உட்கார்ந்து குறிப்பெடுத்து, அந்த நாளுக்கு உரிய கூலி கொடுப்பது, ஒரு நடிகரை வைத்து 20 விநாடி விளம்பரம் எடுப்பதைவிட அதிகமா ஆகிவிடும்? கூலி என்று அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. ‘உங்களுக்காகத்தானே செய்கிறோம்’ என்று சமோசாவும் டீயும் கொடுத்து அனுப்புகிற புத்தி ஒன்று உண்டு. ஆடிட்டருக்கு யாராவது சமோசா கொடுத்து அனுப்புவார்களா? டாக்பேக்குக்கு அடிபோட்டவர்களில் ஒருவர் பார்வையற்றவர் என்று ஞாபகம் வைத்துக்கொள்ளச் சொன்னது இதற்குத்தான். தேவைப்பட்டவர் மேசையில் உட்கார்ந்திருந்ததால் வந்த பொருள் அது. இன்று அதே மேசையில் அவருடைய நாற்காலியில் ஏஜென்ட் உட்கார்ந்திருக்கிறது.

2009 ஜனவரி 7இல் ராமலிங்க ராஜு எழுதிய கடிதம் வெளியாகும்வரை சத்யம் கம்ப்யூட்டர்ஸின் கணக்கும் டேலியாகித்தான் இருந்தது. தணிக்கைக் கையெழுத்தும் இருந்தது. ரொக்கமாகவும் வங்கியிலும் இருப்பதாகக் காட்டியதில் 5,040 கோடி ரூபாய் இல்லவே இல்லை. வங்கியிடம் நேராகப் போய் ‘இந்தப் பணம் இருக்கிறதா?’ என்று ஒழுங்காகக் கேட்டிருந்தால் தெரிந்திருக்கும்.

இங்கேயும் நேராகப் போய்க் கேட்கலாம். பச்சை டிக் அறிக்கையோடு வரும் நிறுவனத்தின் நிர்வாக இயக்குநரிடம் அவர் ஆப்பையே கொடுங்கள். டாக்பேக்கில் திரையை இருட்டாக்கும் வசதி இருக்கிறது, ஐபோனில் அதற்குத் திரைச்சீலை என்றே பெயர். அதைப் போட்டுவிட்டு, பக்கத்தில் இருப்பவருக்கு ஒரே ஒரு ரூபாய் அனுப்பச் சொல்லுங்கள். லட்சம் வேண்டாம், ஒரு ரூபாய். ஓ.டி.பி. வந்ததும் கடிகாரத்தைப் பாருங்கள்.

பி.கு.: வீட்டில் முயல நினைப்பவர்களுக்கு: டாக்பேக்கை எப்படி அணைப்பது என்று முதலில் தெரிந்துகொண்டு அப்புறம் போடுங்கள். பல போன்களில் இரண்டு ஒலி பட்டன்களையும் சேர்த்துச் சில விநாடி அழுத்திப் பிடிக்க வேண்டும். இல்லாவிட்டால் அணைக்கும் பட்டனைத் தேடியே அரை மணி நேரம் போகும்.